கே-ஒய்-ஐ-வி: உக்ரைன் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் எழுதவோ, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கவோ, பிறர் எழுதியதைத் திருத்தவோ வேண்டியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து வருடமாக மெய்ப்புப் பார்ப்பவன் நான். 2022க்குப் பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட ஊர்ப்பெயர் இதுதான். குழப்பம் வராமலிருக்க, புதிய எழுத்துக்கூட்டலை 'கீவ்' என்றும் பழையதை 'கியெவ்' என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது சரி?

கே, ஒய், ஐ, வி. நான்கே எழுத்து. கே, ஐ, ஈ, வி என்பது பழைய வழக்கு. இன்று நீங்கள் புதிதாக எழுதும் வாக்கியத்தில் அது வேண்டாம். எங்கெல்லாம் பழையதை அப்படியே விட வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

பழைய எழுத்துக்கூட்டல் எங்கிருந்து வந்தது?

ருஷ்ய மொழியிலிருந்து. உக்ரைனிய மொழியில் இந்த ஊருக்கு ஒரு பெயர் வடிவம், ருஷ்யத்தில் இன்னொன்று. பழைய ஐரோப்பிய வரைபடங்களில் கியோவியா என்ற லத்தீன் வடிவமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஊர் ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அரசு ஆவணமானாலும் வரைபடமானாலும் வெளிநாட்டவர் கைக்கு ருஷ்யத்தில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த ருஷ்ய வடிவத்தை ஆங்கில எழுத்தில் பெயர்த்தார்கள், அதுவே நிலைத்தது. சோவியத் காலத்திலும் வெளியுலகோடு பேசிய மொழி ருஷ்யம் என்பதால் மாற வாய்ப்பே இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1863இல் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் ஒரு சுற்றறிக்கை விட்டார். உக்ரைனிய மொழியில் சமய நூல்களையும் மக்களுக்கான பாடநூல்களையும் அச்சிடுவது அதனால் நின்றுபோனது. 1876இல் வந்த எம்ஸ் ஆணை இன்னும் கடுமை: அந்த மொழியில் ஏறக்குறைய எதையும் அச்சிடவும் கூடாது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் கூடாது. ஒரு மொழியில் புத்தகமே அச்சேறாத காலத்தில், அந்த மொழிக்காரர்கள் தங்கள் ஊரை எப்படி அழைக்கிறார்கள் என்பது லண்டனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் 'கியெவ்' நிலைபெற்ற காலமும் இந்தத் தடைகளின் காலமும் ஏறக்குறைய ஒன்றே. பெயர் மாற்றத்தை உக்ரைனியர்கள் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எழுத்தெழுத்தாகக் காட்ட முடியுமா?

உக்ரைனிய மொழியிலும் பெயர் நான்கு எழுத்துதான். முதலாவது 'க்' ஒலி. இரண்டாவது, ஆங்கில 'என்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். ருஷ்யத்தில் இதற்கு 'இ' ஒலி, அதனால் ஆங்கிலத்தில் 'ஐ' போட்டார்கள். உக்ரைனிய மொழியில் இதே எழுத்துக்கு 'இ'க்கும் 'எ'க்கும் நடுவே நாக்கு தளர்ந்து நிற்கிற ஓர் ஒலி. அதைக் காட்ட ஆங்கிலத்தில் 'ஒய்' எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்றாவது எழுத்துதான் முக்கியம். ஒரு சிறு கோடு, அதன் தலையில் இரண்டு புள்ளி. ஒலி 'யி'. ருஷ்ய நெடுங்கணக்கில் இந்த எழுத்தே கிடையாது. ருஷ்யர்கள் இந்த இடத்தில் ஆங்கில 'ஈ' போன்ற எழுத்தைப் போடுவார்கள். உக்ரைனியர்களுக்கு இது தங்கள் மொழியின் அடையாளம் போன்றது, தமிழருக்கு ழகரம் எப்படியோ அப்படி. நான்காவது, பார்க்க ஆங்கில 'பி' (B) மாதிரி இருக்கும், ஒலி 'வ்'.

2010இல் உக்ரைன் அமைச்சரவை வகுத்த ஒலிபெயர்ப்பு அட்டவணைப்படி, இரண்டு புள்ளி எழுத்து சொல்லின் முதலில் வந்தால் 'ஒய்-ஐ', மற்ற இடங்களில் வெறும் 'ஐ'. ஆகவே கே-ஒய்-ஐ-வி. பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் வரைபடங்களில் ஒய் இரண்டுமுறை வரும் வடிவத்தைப் பார்த்திருந்தால், அது 1965ஆம் ஆண்டின் வேறொரு அட்டவணையிலிருந்து வந்தது. தவறல்ல, ஆனால் இன்று வழக்கில் இல்லை.

அப்படியானால் 'கியெவ்' என்பதில் வரும் 'எ' ஒலி உக்ரைனிய மொழிக்கே அந்நியமா?

இல்லை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தமிழில் 'மரம்' என்கிறோம். ஐ உருபு சேர்ந்தால் 'மரத்தை' ஆகிவிடுகிறது. தனித்து நிற்கும்போது ஒரு வடிவம், உருபு ஏற்கும்போது இன்னொரு வடிவம். உக்ரைனிய மொழியிலும் இப்படி ஒன்று நடக்கிறது. பழைய ஸ்லாவிய மொழியில் இருந்த 'எ', 'ஒ' ஒலிகள், அசை மெய்யெழுத்தில் முடிந்தால் உக்ரைனியத்தில் 'இ'யாக மாறிவிட்டன. ஊரின் பெயர் தனியாக நிற்கும்போது கடைசி அசை 'வ்' என்று மூடுகிறது, அதனால் 'கியிவ்'. 'கீவினுடைய' என்று சொல்ல உருபைச் சேர்த்தால் அசை திறந்துகொள்கிறது, பழைய 'எ' வெளியே வந்துவிடுகிறது: 'கியெவா'. 'கீவில்' என்பதற்கு 'கியெவி'.

கார்க்கிவ், லிவிவ் என்ற மற்ற உக்ரைனிய ஊர்ப்பெயர்களும் இதே கதை. உருபு சேர்ந்தால் கார்க்கோவா, லிவோவா. ருஷ்ய வடிவங்களான கார்க்கோவ், லிவோவ் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இப்போது புரியும்: ருஷ்ய மொழியில் இந்த மாற்றம் நடக்கவில்லை. இரண்டு மொழிகளும் ஒரே பழைய வடிவத்திலிருந்து பிரிந்து, ஆளுக்கொரு வழியில் போயிருக்கின்றன. எனவே 'ருஷ்ய வடிவம் பிழை' என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ருஷ்யத்தில் எழுதும்போது அது சரியே. ஆங்கிலத்தில் எழுதும்போது ஊர்க்காரர்களின் அரசு மொழியைப் பின்பற்றுவதா, பக்கத்து நாட்டு மொழியைப் பின்பற்றுவதா என்பதே கேள்வி.

ரோமா என்பதை ரோம் என்கிறார்கள், பிராஹாவை பிராக் என்கிறார்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் தன் வழக்கத்தை வைத்துக்கொள்ள உரிமை இல்லையா?

நியாயமான கேள்வி. ஆங்கிலம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று எந்த நாட்டு அரசும் சட்டம் போட முடியாது. மாஸ்கோவையே ருஷ்யர்கள் 'மஸ்க்வா' என்றுதான் சொல்கிறார்கள், அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

வேறுபாடு இரண்டு. ரோம் என்ற ஆங்கிலச் சொல் பல நூற்றாண்டுகளாக ஆங்கிலத்துக்குள்ளேயே தேய்ந்து உருண்ட சொல். இத்தாலியர்களை அடக்கி ஆண்ட ஒரு மொழியிலிருந்து எடுத்ததல்ல. 'கியெவ்' ருஷ்ய வடிவத்தின் நேரடி ஒலிபெயர்ப்பு. அடுத்தது, ரோமில் இருப்பவர்கள் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. கீவில் இருப்பவர்கள் கேட்டார்கள், பல வருடம் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் தன் பெயரைத் திருத்திச் சொன்ன பிறகும் நான் பழைய பெயரிலேயே கூப்பிட்டால், அதற்கு இலக்கணத்தைக் காரணம் காட்ட முடியாது.

அதிகாரபூர்வமாக எப்போது மாறியது?

உக்ரைன் 1991 ஆகஸ்ட் 24இல் சுதந்திரத்தை அறிவித்தது. 1995 அக்டோபரில் அந்நாட்டின் சட்டச் சொல்லாக்க ஆணையம், ஆங்கிலத்தில் கே-ஒய்-ஐ-வி என்றே எழுத வேண்டும் என முடிவு செய்தது. அதாவது இது 2022 போரில் முளைத்த விஷயம் அல்ல. உலகம் காது கொடுக்கத்தான் கால் நூற்றாண்டு பிடித்தது. 2018இல் உக்ரைன் வெளியுறவு அமைச்சகம் இதற்கென்றே இணையத்தில் ஒரு பிரசாரம் தொடங்கியது. 'கியெவ் அல்ல, கீவ்' என்பதுதான் அதன் முழக்கம். 2019 ஜூனில் அமெரிக்காவின் புவியியல் பெயர்கள் வாரியம் பழைய வடிவத்தைக் கைவிட்டது. அதே ஆண்டில் கார்டியன், அசோசியேட்டட் பிரஸ், பிபிசி, வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஆங்கில விக்கிப்பீடியா நெடிய விவாதத்துக்குப் பிறகு 2020 செப்டம்பரில் மாறியது.

எப்படி உச்சரிப்பது?

ஆங்கிலத்தில் பேசும்போது 'கீவ்' என்று ஒரே அசையாகச் சொன்னால் போதும். செய்தி வாசிப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'கீ-இவ்' என்றும் சொல்வதுண்டு. உக்ரைனியர் வாயில் அது 'கி-யிவ்', அழுத்தம் முதல் அசையில். கடைசி 'வ்' பல்லும் உதடும் உரசும் ஆங்கில 'வி' போல ஒலிக்காது, உதடு குவிந்து 'உ'வில் போய்க் கரையும். 'கை' என்று தொடங்குவது தவறு. ஒய் எழுத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

கீவில் ருஷ்ய மொழி பேசுபவர்களும் இருக்கிறார்களே?

நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் ருஷ்யம் பேசிக்கொண்டே உக்ரைனுக்காகப் போர்முனையில் நின்றவர்களும் உண்டு. ருஷ்யத்தில் பேசும்போது அவர்கள் ஊரை ருஷ்ய வடிவத்தில் சொல்வது இயல்பு, அதை யாரும் பிழை என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதுவதைப் பற்றி மட்டுமே.

ஏற்கெனவே எழுதிய கட்டுரையில் எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பில் நான் அதைச் செய்துவிட்டேன். கணினியில் பழைய வடிவத்தைத் தேடி, எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினேன். மாலையில் அச்சுப்படி எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இணைய முகவரிகளுக்குள் இருந்த பெயரும் மாறி, பத்துப் பன்னிரண்டு இணைப்புகள் செத்துவிட்டன. 1941ஆம் ஆண்டுச் செய்தித்தாளிலிருந்து எடுத்த மேற்கோளில், அந்தச் செய்தியாளர் எழுதியே இருக்க முடியாத எழுத்துக்கூட்டல் ஏறியிருந்தது. ஒரு பழைய நூலின் தலைப்பும் மாறியிருந்தது. அந்தத் தலைப்பை வைத்து யாரும் நூலகத்தில் தேடினால் கிடைக்காது. இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

அன்றிலிருந்து நான் பின்பற்றுவது இது. உங்கள் சொந்த வாக்கியம் என்றால் புதிய வடிவம். மேற்கோள், நூல் தலைப்பு, இணைய முகவரி என்றால் கை வைக்கக் கூடாது. தேவைப்பட்டால் முதல் இடத்தில் மட்டும், இது அக்கால எழுத்துக்கூட்டல் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

பொருள்களின் பெயரும் இப்படித்தான். கீவின் அர்செனல் தொழிற்சாலை 1940களின் பிற்பகுதியிலிருந்து தயாரித்த கேமராக்களுக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். ஏற்றுமதியான கேமராக்களின் முகப்பில் பழைய எழுத்துக்கூட்டல் பொறிக்கப்பட்டிருக்கும். கேமராவின் பெயர் அதுதான். சோவியத் கடற்படையின் 'கியெவ்' வகை விமானந்தாங்கிக் கப்பல்களும் அப்படியே. அவற்றில் நான்காவதுதான் பெரிதாக மாற்றியமைக்கப்பட்டு 2013இல் இந்தியக் கடற்படையில் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவாகச் சேர்ந்தது. அந்தக் கப்பல் வகையின் பெயரை இன்றும் பழைய எழுத்துக்கூட்டலில்தான் எழுதுகிறார்கள், அதுதான் சரி. ஆனால் அந்தக் கப்பல்கள் கட்டப்பட்ட ஊரை இன்று எழுதினால் மிக்கோலாயிவ் என்ற உக்ரைனிய வடிவத்தில் எழுதுங்கள், நிக்கோலாயெவ் என்று வேண்டாம்.

பழைய வரலாற்றை எழுதும்போது?

இங்கே அறிஞர்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. 988இல் கிறித்துவம் ஏற்ற இளவரசரை வோலோதிமிர் என்பதா விளாதிமிர் என்பதா, அவருடைய அரசைக் 'கீவன் ரூஸ்' என்பதா 'கியெவன் ரூஸ்' என்பதா? அந்த அரசு தன்னை வெறுமனே ரூஸ் என்றுதான் சொல்லிக்கொண்டது; ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்தவர்கள் பிற்கால வரலாற்றாசிரியர்கள். அவர்கள் சேர்த்ததை இன்றைய எழுத்துக்கூட்டலில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. எதைத் தேர்ந்தாலும் ஒரே நூலுக்குள் மாற்றிமாற்றி எழுதக் கூடாது. ஊர் ஒரு பக்கத்தில் கீவ், அரசு மறுபக்கத்தில் கியெவன் என்றால் வாசகர் இரண்டு வேறு இடம் என்று நினைத்துவிடுவார்.

மற்ற ஊர்களுக்கும் இதே விதியா?

ஆம். கார்க்கோவ் அல்ல, கார்க்கிவ். செர்னிகோவ் அல்ல, செர்னிஹிவ். லுகான்ஸ்க் அல்ல, லுஹான்ஸ்க். ஒடேசாவுக்கு ஆங்கிலத்தில் ஒரே 'எஸ்'. யுனெஸ்கோ 2023 ஜனவரியில் அதன் பழைய நகரப் பகுதியைப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தபோது இந்த வடிவத்தில்தான் சேர்த்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலும் ஓர் ஒடேசா இருக்கிறது, அதற்கு இரண்டு 'எஸ்' தொடர்கிறது. செர்னோபில் மட்டும் சிக்கல்: உக்ரைனிய வடிவம் சோர்னோபில், ஆனால் 1986 அணு உலை விபத்து உலகம் முழுக்கப் பழைய வடிவத்தில் பதிந்துபோனது. ஊரைச் சொல்லும்போது உக்ரைனிய வடிவத்தையும், விபத்தைச் சொல்லும்போது வாசகருக்குத் தெரிந்த வடிவத்தையும் வைத்து முதல் இடத்தில் இரண்டையும் இணைத்துக் காட்டுவது என் வழக்கம்.

நாட்டின் பெயருக்கு முன்னால் 'தி' போடலாமா?

கூடாது. 'தி உக்ரைன்' என்பது ஒரு நிலப்பகுதியைச் சுட்டுவதுபோல் பேசிய காலத்தின் வழக்கு. 1991க்குப் பிறகு அது ஒரு நாடு.

சிக்கன் கியெவ்?

வெண்ணெய் வைத்துப் பொரித்த அந்தக் கோழிக்கறியின் பெயரைப் பிரிட்டனின் சைன்ஸ்பரிஸ் கடைகள் 2022இல் புதிய வடிவத்துக்கு மாற்றின. அசோசியேட்டட் பிரஸ் 2019இல் ஊரின் பெயரை மாற்றியபோது உணவுப் பெயரைத் தொடவில்லை. இரண்டுமே வழக்கில் இருக்கின்றன.

நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களின் பெயர்?

அவர்களே ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார்களோ அப்படி. கீவ் பாலிடெக்னிக் நிறுவனம் விமானப் பொறியாளர் சிகோர்ஸ்கியின் பெயரைத் தாங்கியது. விதிப்படி பார்த்தால் முதல் பெயர் 'இஹோர்' என்று வர வேண்டும். ஆனால் நிறுவனம் ஆங்கிலத்தில் 'இகோர் சிகோர்ஸ்கி' என்றே எழுதுகிறது. அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை.

சான்றிதழ்களைப் பற்றிக் கேட்கும் மாணவர்கள் உண்டு. உக்ரைனில் படித்து வாங்கிய பழைய பட்டச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ பழைய எழுத்துக்கூட்டல் இருந்தால், விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பவர் எழுத்துக்கு எழுத்து பார்ப்பார். ஊர் என்ற கட்டத்தில் மட்டும் கே-ஒய்-ஐ-வி எழுதலாம்.

தமிழில் எப்படி எழுதுவது?

சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு உக்ரைனிய ஊர்ப்பெயர்கள் ருஷ்ய வழியாகவே அறிமுகமாயின. ஆங்கிலத்துக்கு நேர்ந்தது நமக்கும் ஓரளவு நேர்ந்தது. இன்று தமிழ்ச் செய்திகளில் 'கீவ்' பரவலாக இருக்கிறது, நானும் அதையே எழுதுகிறேன். உக்ரைனிய ஒலிக்கு 'கியிவ்' இன்னும் நெருக்கம். யாராவது அப்படி எழுதி அனுப்பினால் நான் திருத்துவதில்லை. 'கியெவ்' வந்தால் திருத்துகிறேன்.

பழைய தகவல்களைத் தேட வேண்டுமானால்?

இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். 2019க்கு முந்தைய ஆங்கிலச் செய்திகளும் ஆய்வுகளும் பெரும்பாலும் பழைய வடிவத்தில்தான் கிடைக்கும். விமானப் பயணக் குறியீடுகளில் ஊருக்கு இன்னும் ஐ-ஈ-வி என்ற பழைய மூன்றெழுத்துதான். ஊரின் போரிஸ்பில் விமான நிலையத்துக்குக் கே-பி-பி (KBP).